காணாமல் போன பெண் குழந்தைகள்! கணக்குப் போட்டுத் துப்புத் துலக்கினார்கள்

துப்பறியும் கதைகளில் பூதக்கண்ணாடி வரும். கைரேகை வரும். போலீஸ் நாய் வரும்.

வெறும் பேனாவும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கொலைகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சேலம் சீமையிலேயே அது நடந்தது!

849!

1991-ம் ஆண்டு நாடெங்கும் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது சேலமும் நாமக்கல்லும் ஒரே மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1-ந் தேதிதான்.

ஆறு வயது வரை உள்ள குழந்தைகளைத் தனியாக எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள்? தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 948. சேலத்தில் 849! தமிழ்நாட்டிலேயே இதுதான் கடைசி.

"கொஞ்சம் குறைகிறது. அதனால் என்ன?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பெண்ணும் ஆணும் சரிபாதியாகப் பிறப்பதில்லை. நூறு பெண் குழந்தைகள் பிறந்தால் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இது இயற்கையின் கணக்கு. எந்த நாட்டிலும், எந்தச் சாதியிலும், எந்த மதத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

இதை முதலில் எழுதி வைத்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. லண்டன் மாநகரில் துணிமணிக் கடை வைத்திருந்த ஜான் கிராண்ட் என்ற வியாபாரி! கோயில்களில் எழுதி வைத்த பிறப்பு, இறப்புப் பட்டியல்களை வாங்கி வந்து, கடைக் கணக்குப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதைக் கண்டார். 1662-ம் ஆண்டில் புத்தகமாகவே வெளியிட்டார்.

இயற்கை இன்னொரு வேலையும் செய்கிறது. பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைதான் நோஞ்சான். பெண் குழந்தைக்குத் தாங்கும் சக்தி அதிகம். ஆகவே, சாவு சமமாக வந்தால் ஆண் குழந்தைகள்தான் சற்று அதிகம் சாக வேண்டும்.

சேலத்தில் தலைகீழாக இருந்தது. ஆயிரம் ஆண் குழந்தைகள் இருக்கும் இடத்தில் சுமார் நூறு பெண் குழந்தைகளைக் காணோம்!

"சமூகக் காரணம்"

அந்தக் குழந்தைகள் எங்கே போனார்கள்?

உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கம் பற்றி 1986 வாக்கிலேயே பத்திரிகைகள் எழுதிவிட்டன. படித்தவர்கள் பதறினார்கள். "அது ஏதோ ஒரு மூலையில் நடக்கிற காரியம்" என்று பலர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

மூலை அல்ல என்று காட்டியது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு பதிவேடு உண்டு. கிராமத்து நர்சு வீடு வீடாகப் போய், யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது, எந்தக் குழந்தை எப்போது இறந்தது, என்ன காரணம் என்று அதில் எழுதுவார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குறைமாதம் என்று காரணங்கள் இருக்கும். சில பெண் சிசுக்களின் பெயருக்கு எதிரே மட்டும் "சமூகக் காரணம்" என்று இருந்தது!

அந்த இரண்டு சொல்லுக்குப் பொருள் நர்சுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பச்சையாக எழுதினால் போலீஸ் வரும். எழுதாமல் விட்டால் மனம் கேட்காது. எனவே இப்படி ஒரு சொல்!

ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத், பொருளாதாரப் பேராசிரியர் வி. பி. ஆத்ரேயா இருவரும் இந்தப் பதிவேடுகளைத் தமிழ்நாடு முழுவதும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 1997-ல் கட்டுரை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண் சிசுக்கள் இப்படிச் சாகின்றன என்று அது சொன்னது. மதுரைப் பக்கம் தொடங்கி சேலம், தர்மபுரி வழியாக வடக்கே வரை ஒரே பட்டையாக இந்தக் கொடுமை பரவியிருந்ததும் தெரிந்தது.

மூவாயிரம்! நாளைக்கு எட்டுக் குழந்தைகள்!

தொட்டிலும் நாடகமும்

இதற்கு முன்பே, 1992-ல், தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதல்-அமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கினார். "வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள். அரசாங்கத் தொட்டிலில் போட்டுவிடுங்கள்" என்பதுதான் திட்டம். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் அது போயிற்று.

"குழந்தையைக் கைவிடு என்று அரசாங்கமே சொல்லலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால், தொட்டிலில் கிடந்த குழந்தை உயிரோடு கிடந்ததே! அதையும் சொல்ல வேண்டும்.

தர்மபுரியில் 1997 முதல் 1999 வரை கிராமம் கிராமமாகத் தெரு நாடகம் போட்டார்கள். பதிவேட்டுக் கணக்கு இதற்கும் கை கொடுத்தது. முதல் பெண்ணுக்கு ஆபத்து குறைவு, இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்குத்தான் ஆபத்து என்று கணக்கு காட்டியது. ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு நர்சுகள் அடிக்கடி போய் வந்தார்கள்.

2001 கணக்கெடுப்பில் சேலம் 851-ல் நின்றது. பத்து ஆண்டில் கூடியது இரண்டே இரண்டு! 2011-ல் 916 ஆயிற்று. நாமக்கல்லும் 900-ஐத் தாண்டியது. மாநிலம் முழுவதற்கும் 943.

கருவிலேயே தீர்ந்தால்?

அப்படியானால் நோய் தீர்ந்ததா? கள்ளிப்பால் போனது. ஸ்கேன் வந்தது!

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தர்மபுரி, சேலம் பக்கங்களில் திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொன்னவர்கள் கைதான செய்தி அண்மை ஆண்டுகளிலும் வந்திருக்கிறது.

பிறந்த பின் கொன்றால் பதிவேட்டில் ஒரு சாவு ஏறும். "சமூகக் காரணம்" என்றாவது எழுதுவார்கள். கருவில் அழித்தால்? எந்த நோட்டிலும் ஏறாது. பிறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் பிறக்காதவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் சாதாரணக் கூட்டல் கழித்தல் போதாமல் போகிறது.

ஒரு கிராமத்தில் ஓர் ஆண்டில் 20 குழந்தைகள் பிறந்தன. ஆண் 12, பெண் 8. உடனே "இந்த ஊரில் ஸ்கேன் திருட்டு நடக்கிறது" என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. காசைச் சுண்டினால் தொடர்ந்து நாலு முறை தலை விழுவது இல்லையா? அதுபோல்தான் இதுவும். ஒரு தப்பும் நடக்காத ஊர்களிலும், இருபது பிறந்தால் எட்டோ அதற்குக் குறைவோ பெண்ணாக அமைவது சகஜம். நாலில் ஒரு ஊருக்கு மேல் அப்படி அமையும்! எடுத்த எடுப்பில் பழி போட்டால், குற்றமற்ற தாய்மார்களின் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும்.

அதே விகிதம் ஒரு வட்டாரம் முழுவதும் வந்தால்? 2,000 குழந்தைகளில் ஆண் 1,200, பெண் 800 என்றால்? அது தற்செயல் அல்லவே அல்ல. அப்படித் தற்செயலாக நடக்க உலகம் தோன்றிய நாள் முதல் காத்திருந்தாலும் போதாது!

எந்த எண்ணிக்கை தற்செயல், எந்த எண்ணிக்கை குற்றம்? கோடு எங்கே கிழிப்பது? இதற்குத்தான் புள்ளியியல் என்ற படிப்பு இருக்கிறது.

ஊசி போடாத டாக்டர்கள்

சென்னை அம்பத்தூர் அருகே அயப்பாக்கத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்று பெயர். அங்கே டாக்டர்கள் உண்டு. ஆனால் பலர் ஊசி போட மாட்டார்கள். மாத்திரை எழுத மாட்டார்கள். புள்ளியியலில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள்!

சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையமும், ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவும் 1999 ஜூலையில் ஒன்றாகி இந்த நிறுவனம் ஆயிற்று. நடத்துவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1911-ல் தொடங்கிய மத்திய அரசுக் கழகம் அது.

டாக்டர் பட்டம் பெற்ற இளைஞர்களைச் சில ஆண்டுகள் தன் நிறுவனங்களில் வைத்துப் பழக்க, இக்கழகம் ஆராய்ச்சி உதவித் தொகை தருகிறது. பட்டம் வாங்கிய பிறகு எதற்குப் படிப்பு என்று தோன்றும். சட்டம் படித்தவர் சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருப்பதில்லையா? அதைப் போன்றதுதான்.

பட்டப் படிப்பில் வரும் கணக்கில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். பதிவேட்டில் அப்படி இராது. ஒரே குழந்தையை இரண்டு இடத்தில் எழுதியிருப்பார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணைப் புகுந்த ஊரில் விட்டிருப்பார்கள். இந்தக் குப்பையில் குண்டுமணி பொறுக்கும் வித்தையை அனுபவத்தில்தான் கற்க முடியும்.

கற்றால் உயிர் பிழைக்கும். காசநோய்ச் சாவில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நேர்வது கணக்கில் தெரிந்தது. எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா ஆகிய ஐந்தையும் பார்த்தால், யார் ஆபத்தில் இருக்கிறார் என்று அப்போதே சொல்லிவிடலாம். அவரை உடனே ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம். இந்த நிறுவனத்துடன் சேர்ந்து தமிழ்நாடு அரசு 2022-ல் இதை "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" என்று நடைமுறைக்குக் கொண்டு வந்தது. மாநிலம் முழுவதும் இப்படிச் செய்ததில் இந்தியாவில் தமிழ்நாடுதான் முதல்!

இரண்டு பட்டியல் வித்தை

பதிவேட்டில் ஏறாத குழந்தையை எப்படி எண்ணுவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. சி. சந்திரசேகரன் என்ற புள்ளியியல் அறிஞரும், அமெரிக்கர் டெமிங்கும் 1949-ல் சொன்ன வழி அது.

ஒரே ஊரில் இரண்டு பேர் தனித்தனியாகக் குழந்தைகளை எண்ணட்டும். ஒருவர் பட்டியலில் 90. மற்றவர் பட்டியலில் 80. இரண்டிலும் இருப்பது 72. அப்படியானால் முதல்வர் மட்டும் கண்டது 18. இரண்டாமவர் மட்டும் கண்டது 8. மொத்தம் 98.

இருவர் கண்ணிலும் படாதது? 18-ஐ 8-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் 2. ஆக ஊரில் 100 குழந்தைகள்! யாரும் பார்க்காத இரண்டு குழந்தைகளையும் கணக்கு பார்த்துவிட்டது.

இந்தியா முழுவதும் நடக்கும் மாதிரிப் பதிவுத் திட்டத்திலும் இப்படி இரண்டு பேர் தனித்தனியே எழுதுகிறார்கள். பட்டியல் ஒத்து வராத வீட்டுக்குத் திரும்பப் போய்க் கேட்கிறார்கள்.

ஆள் வேண்டும்!

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது. விசைத்தறி வீட்டுப் பிள்ளைகளும், கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகளும் படிக்கக்கூடிய படிப்புதான் இது. சுகாதார ஆராய்ச்சிக்கு வருவார்களா என்பதுதான் கேள்வி.

உதவித் தொகை சில ஆண்டுக்குத்தான். பிறகு நிரந்தர வேலை என்று யாரும் எழுதித் தருவதில்லை. இதே படிப்புக்கு வங்கியும், மருந்துக் கம்பெனியும், கம்ப்யூட்டர் கம்பெனியும் கூடுதலாகத் தருகின்றன. "தங்கை கல்யாணம் இருக்கிறது" என்று சொல்லும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கம்தான் யோசிக்க வேண்டும்.

வேலையோ காத்திருக்கிறது. இன்று எல்லாக் கர்ப்பிணிகளையும் "பிக்மி" என்ற கம்ப்யூட்டர் பதிவில் ஏற்றுகிறார்கள். எண் கொடுக்கிறார்கள். அந்த எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். பதிந்த கர்ப்பிணிகள் எத்தனை, பிறந்த குழந்தைகள் எத்தனை, நடுவில் நின்றுபோன கர்ப்பம் எத்தனை? எல்லாம் அதில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

பதிவேட்டைப் பார்த்தால் என்னவெல்லாம் வரும் என்பதற்கு ராசிபுரமே சாட்சி. அங்கே 2019-ல் குழந்தை விற்பனைப் புகார் கிளம்பியதும், அதிகாரிகள் முதலில் எடுத்தது பிறப்புச் சான்றிதழ்களைத்தான்! கொல்லிமலை வரை போய்ச் சரிபார்த்தார்கள்.

மக்கள் தொகைக் கணக்கோ 2021-ல் வர வேண்டியது வரவில்லை. 2027 மார்ச் 1-ந் தேதியைக் கணக்கு நாளாக வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. ஆகவே சேலத்தின் 916 என்பது 2011-ம் ஆண்டுக் கணக்குதான். அன்று தொட்டிலில் கிடந்த பெண் குழந்தை அடுத்த கணக்கு வருவதற்குள் பத்தாம் வகுப்பே எழுதிவிடும்!