கேட்கலாம், பேசக் கூடாது

ஊரப்பாக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதமொரு முறை ஒரு மொட்டை மாடியில் கூடுகிறோம். சென்ற கூட்டத்தில், லைசன்ஸ் இல்லாமல் செயற்கைக்கோள் ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பவனுக்கு இந்த நாட்டில் என்ன தண்டனை என்பது பற்றி நான் பேச ஆரம்பித்தேன். நண்பர் ஒருவர் – கவிஞர், நல்ல கவிஞர் என்பதால்தான் இதை எழுதவே நேர்கிறது – 'இது தபால் தந்தி இலாகா சமாச்சாரம், இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன?' என்று கேட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். இன்னொருவர், தேசப் பாதுகாப்பு விஷயத்தில் எழுத்தாளன் மூக்கை நுழைப்பது அசட்டுத்தனம் என்றார். இரண்டும் ஒரே அசட்டையிலிருந்து பிறந்தவை என்பது என் கட்சி. மாடியில் சொல்லி முடிக்க விடவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் டிஷ் ஆண்டெனாக்கள்தான். எல்லாம் ஒரே திசையில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இவற்றைப் பற்றி ஒரு சாதாரண உண்மை: வானத்திலிருந்து வாங்கும் கிண்ணமும் வானத்துக்கு அனுப்பும் கிண்ணமும் வடிவத்தில் ஒன்றேதான். அதன் குவியத்தில் வாங்குகிற கருவி உட்கார்ந்திருக்கிறதா, அனுப்புகிற கருவி உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். முதலாவதைக் கம்பெனிக்காரனே வந்து மாட்டிவிட்டுப் போகிறான். இரண்டாவதற்குச் சிறை. கலாசார விமர்சனம் செய்கிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழவில்லையென்றால், அவன் எதைத்தான் விமர்சிக்கிறான்?

சட்டத்தைப் பார்ப்போம். 1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம், தந்தி என்கிற சமாச்சாரம் முழுவதும் அரசாங்கத்தின் ஏகபோகம் என்றது. 1933இல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. அதன்படி வாங்கும் பெட்டிக்கும் லைசன்ஸ் வேண்டும். தபாலாபீஸில் நின்று ரேடியோவுக்கு வருஷா வருஷம் பணம் கட்டியதை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980களின் நடுவில் அந்த லைசன்ஸ் ஒழிந்தது. கேட்பவனை ஸர்க்கார் விட்டுவிட்டது. பேசுகிறவனை விடவில்லை.

வெள்ளைக்காரன் சட்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1933இல் வெள்ளைக்காரன் எழுதியபோது லைசன்ஸ் இல்லாத கருவிக்கு அபராதம்தான் – முதல் தடவை 100 ரூபாய், அப்புறம் 250. டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்ற பிரிவு 1949இல், சுதந்திர இந்தியாவில், நம்மவர்கள் கையால் சேர்க்கப்பட்டது. அதற்கு ஏழு வருஷம் முன்னால்தான், 1942இல், பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் ரகசியக் காங்கிரஸ் வானொலி நடத்தி நவம்பரில் பிடிபட்டார்கள். அவருக்கு நாலு வருஷம் சிறை. 1998இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். லைசன்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டரின் மூலம் பேசிய ஒரு இயக்கம், ஆட்சிக்கு வந்ததும் செய்த காரியங்களில் ஒன்று லைசன்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டருக்குச் சிறை வைத்தது. இதை நம் சரித்திரப் பேராசிரியர்கள் எழுதி நான் படித்ததில்லை.

இப்போது 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம். அனுமதியில்லாமல் சேவையோ வலையமைப்போ நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதியில்லாத சேவை என்று தெரிந்தே உபயோகிக்கிறவனுக்குப் பத்து லட்சம் வரை தண்டம். 1885இல் இதே காரியத்துக்கு ஐம்பது ரூபாய். வெறுமனே ரேடியோக் கருவி வைத்திருப்பது முதல் முறையானால் 50,000 ரூபாய் வரையிலான தண்டத்தோடு போகும் என்றாக்கியிருக்கிறார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் 2024 ஜூன் கடைசியிலிருந்து துண்டு துண்டாகத்தான் அமலுக்கு வரத் தொடங்கியது. அதே வருஷம் டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், மலையேறுகிறவர்கள் அபாயத்துக்கென்று பையில் வைத்துக்கொள்ளும் சின்னச் செயற்கைக்கோள் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் பிடிபட்டபோது, பாய்ந்தது பழைய சட்டம்தான்.

இது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய விதத்தில் நமக்கு நேராகச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் இருக்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடர் அது. 2023 டிசம்பர் 21 அன்று மாநிலங்களவை தொலைத்தொடர்பு மசோதாவை நிறைவேற்றியது. அதே நாளில் மக்களவை பத்திரிகைகள் பதிவு மசோதாவை நிறைவேற்றியது. 1867ஆம் வருஷத்து அச்சகச் சட்டத்துக்கு அன்றைக்குத்தான் முடிவு. பழைய சட்டத்தில் அச்சகத்தாருக்கும் வெளியிடுபவருக்கும் இருந்த சிறைத் தண்டனைகளை எடுத்துவிட்டு, பதிவில்லாமல் போட்டு, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதவனுக்கு மட்டும் ஆறு மாதம் என்று மிச்சம் வைத்தார்கள். அச்சடிக்கிறவனுக்குச் சிறை குறைந்த அதே நாளில், அலையில் அனுப்புகிறவனுக்குச் சிறை மறுபடி உறுதியாயிற்று. காரணம் எளிது. அச்சுக்கு இப்போது யாரும் பயப்படுவதில்லை.

நம் அட்டைகளில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போடுகிறோமே, அது எதற்கு? பதிவு செய்யாமல் பத்திரிகை நடத்துவதற்கு நாம் கண்டுபிடித்த ஓட்டை. பத்திரிகை போட்டுக்கொண்டே, இது பத்திரிகை இல்லை என்று ஸர்க்காரிடம் சொல்லும் இரண்டு வார்த்தை. தமிழில் கொஞ்சமாவது தீவிரமாக எழுதப்பட்டதில் பெரும் பங்கு அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துதான் வந்தது. அதாவது, நாமெல்லோரும் பல வருஷமாக லைசன்ஸ் இல்லாத ஒலிபரப்பாளர்கள். நம் அலையின் வீச்சு முந்நூறு பிரதிக்கு மேல் போகாததால் யாரும் பிடிக்கவில்லை, அவ்வளவே. இந்த அற்ப பத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன?' என்று கேட்கிறார் நண்பர்.

அடுத்தது தேசப் பாதுகாப்பு. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2008 நவம்பரில் பம்பாய்க்குக் கடல் வழியாக வந்தவர்களிடம் துரையா செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. 2007இல் இலங்கைப் பிரச்சினையில், இன்டெல்சாட் கம்பெனியின் செயற்கைக்கோளில் காலியாயிருந்த இடத்தைக் கேட்காமல் விடுதலைப் புலிகள் உபயோகிக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. கம்பெனி அதை நிறுத்தியது. அலைவரிசைக்கு ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டு பேர் பேச்சும் கெடும், அது பௌதிகம். தாறுமாறாக மேலே அனுப்பும் ஒருவன் அடுத்தவனுடைய செயற்கைக்கோளையே குழப்பிவிடலாம். ஆகவே அனுமதி என்ற ஏற்பாடு தேவைதான்.

ஆனால் அரசாங்கம் கவலைப்படுவது இந்தக் குழப்பத்தைப் பற்றி இல்லை. இந்தியாவில் இன்மார்சாட் தொலைபேசிக்கு பி.எஸ்.என்.எல். வழியாக அனுமதி உண்டு, துரையாவுக்கும் இரிடியத்துக்கும் இல்லை. இன்மார்சாட் பேச்சு காஸியாபாத்தில் உள்ள தரைநிலையத்தின் வழியாகப் போகிறது. அங்கே உட்கார்ந்து கேட்கலாம். லைசன்ஸ் என்பதன் அர்த்தம், நீ பேசு, நான் ஒட்டுக்கேட்க வசதி இருக்கட்டும் என்பதுதான். ஸ்டார்லிங்க் கம்பெனி 2021இல் முன்பணம் வாங்க ஆரம்பித்தபோது, அதற்கு லைசன்ஸ் இல்லை, ஜனங்கள் சேர வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். 2025 ஜூனில் லைசன்ஸ் கிடைத்துவிட்டது. நாலு வருஷம் காத்திருக்க அந்தக் கம்பெனிக்கு முடியும். வேறு சிலருக்கு நாலு மணி நேரம் காத்திருக்க முடியாது.

அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். ஊரப்பாக்கத்திலிருந்து கடல் தெரியாது. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் கிழக்கே போனால் கோவளம், அங்கிருந்து தெற்கே மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் குப்பங்கள். இந்தக் கரையில் ஃபைபர் படகில் போகிறவர்கள் பெரும்பாலும் போன அன்றோ மறுநாளோ திரும்பிவிடுகிறவர்கள். கரைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை சாதாரணக் கைபேசியே போதும். தெற்கே குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் அப்படியில்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். அவர்கள் படகில் இருப்பது வி.எச்.எஃப். வயர்லெஸ். அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் படகுக்கும் கரைக்கும் பேச்சே கிடையாது. அதைத் தாண்டிப் பேச மேலே ஒரு செயற்கைக்கோள் வேண்டும்.

2017 மே மாதம் பி.எஸ்.என்.எல். செயற்கைக்கோள் கைபேசிச் சேவையை ஆரம்பித்தது. முதலில் அரசுத் துறைகளுக்கு, பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கு என்று சொன்னார்கள். அந்தப் படிகள் தூத்தூரை எட்டுவதற்குள், அதே வருஷம் நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். புயல் உருவாவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அது ஒரு பாதி. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்கள் தாங்கள் எங்கே மிதக்கிறோம் என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. அது மறு பாதி.

இதற்கு அரசாங்கம் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். 2019 அக்டோபரில் ஜெமினி என்றொரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை, மீன் அகப்படும் இடம் எல்லாம் அதில் வரும். நல்ல கருவி. ஆனால் ஒரு வழிதான். கரை சொல்வதைப் படகு கேட்கலாம். படகு சொல்வதைக் கரை கேட்காது. பேச முடியாமல் செத்தவர்களுக்காக, இன்னும் நன்றாகக் கேட்க ஒரு சாதனம்! எங்கள் மாடியின் டிஷ் ஆண்டெனா மனோபாவம் கடலுக்குப் போனபோது எடுத்த ரூபம் இது. இருவழிக் கருவி வந்தது 2024 ஆகஸ்டில். ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர், 364 கோடி ரூபாய்த் திட்டம். அதில் அபாயச் செய்தி அனுப்பலாம். ஒக்கிக்கும் அதற்கும் இடையில் ஆறே முக்கால் வருஷம்.

அந்தமான் கதை இன்னும் துலக்கமானது. தனிப்பட்ட வயர்லெஸ் ஆர்வலர்கள் அங்கிருந்து ஒலிபரப்பப் பல வருஷங்களாக அனுமதியில்லை. காரணம் வழக்கமானதுதான், பாதுகாப்பு. பாரதி பிரசாத் என்ற பெண்மணி விடாமல் கேட்டுக் கேட்டு, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் கருவியை நிறுவினார். அந்த மாதம் 26ஆம் தேதி சுனாமி. தந்தியும் தொலைபேசியும் போன அந்தத் தீவுகளிலிருந்து வெளியுலகத்துக்குச் சேதி போனது அந்தக் குழுவின் டிரான்ஸ்மிட்டர் வழியாக. அனுமதி இன்னும் ஒரு மாதம் இழுத்தடிக்கப்பட்டிருந்தால் பாதுகாப்பு கெட்டிருக்காது. சேதியும் வந்திருக்காது.

பெரிய வெள்ளம் வந்த 2015 டிசம்பரில் எங்கள் தெருவிலும் கைபேசிகள் செத்துப்போயின. இரண்டு நாள். முடிச்சூரில் இருந்த தங்கை உயிரோடிருக்கிறாளா என்று தெரியாமல், அதே மாடியில், அதே ஆண்டெனாக்களுக்கு நடுவில் நின்றேன். கரண்ட் இருந்திருந்தால் அத்தனை ஆண்டெனாவும் எனக்கு ஸீரியல் காட்டியிருக்கும்.

இன்னொரு குரலும் நம்மிடையே உண்டு. நீதிமன்றம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்பது. 1993இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செயற்கைக்கோளுக்கு அனுப்ப முயன்றபோது சுங்க இலாகா கருவிகளைப் பிடித்து வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1995 பிப்ரவரியில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பு வந்தது. பெரிய வார்த்தைதான். அதற்குப் பின் என்ன ஆயிற்று? பொதுச் சொத்தைத் தூர்தர்ஷனிடமிருந்து எடுத்துச் சில முதலாளிகளுக்கும் பங்கு வைத்தார்கள். தனியார் எஃப்.எம். இன்றும் ஆகாசவாணியின் செய்தியைத் திருப்பிச் சொல்லலாமே தவிர, சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. பொது என்றால் யார் என்பதைத் தீர்ப்பு ஸர்க்காரின் கையில் விட்டதன் பலன் இது.

நான் கேட்பது புரட்சி ஒன்றுமில்லை. 2023 சட்டம், பொது நலனுக்காக யாருக்கும் அனுமதியிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதை உபயோகித்து ஒரு அறிவிக்கை வேண்டும். கடலிலோ வெள்ளத்திலோ உயிராபத்தில் எந்தக் கருவியில் யார் பேசினாலும் குற்றமில்லை என்று. வைத்திருப்பது வேறு, தீங்கு செய்வது வேறு என்று பிரித்து, தீங்கு நிரூபிக்கப்பட்ட இடத்தில் மட்டும் சிறை என்று. தூத்தூர்க்காரன் இன்மார்சாட் வாங்கக்கூடிய விலையில் அது கிடைக்க வேண்டும் என்று. மூன்றையும் ஒரு பக்கத்துக்குள் விண்ணப்பமாக எழுதி வைத்திருக்கிறேன். டெல்லிக்குப் போக வேண்டியது. இதுவரை கையெழுத்து ஒன்று, என்னுடையது.