வடக்கின் பெரும் போர்: இம்முறை யார்?

மார்ச் மாதம் பிறக்கின்றதென்றால் மெல்பேர்ண் நகரத்தவர்க்கு ஃபூட்டிக் காய்ச்சல் கண்டுவிடும். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும், வாராவாரம் எக்கழகம் வெல்லும் என்று எழுதிக் கொடுக்கும் 'டிப்பிங்' போட்டிகள் தொடங்கிவிடும். எம் பிள்ளைகளும் அதில் வல்லவர்களாகிவிட்டனர். ஆயின் அவர்தம் பெற்றோர் பலருக்கு அதே மாதத்தில் காணும் காய்ச்சல் வேறு. ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் மீன் தெரிவுசெய்து நிற்கும் வேளையில் எம்மைக் காண்போர், நலம் விசாரிக்கு முன்னரே, "சேர், இந்தமுறை ஆர்?" என்று கேட்கின்றனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே நடைபெறும் துடுப்பாட்டப் போட்டியாகிய 'வடக்கின் பெரும் போர்' பற்றியே அக்கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடைகூறுவதிலும், இப்பத்தியில் ஒருமுறை கூறிவிடுதல் எளிது.

நாம் மத்திய கல்லூரியின் பக்கம். அதனை மறைத்து நடுநிலை பேசுதல் வாசகரை ஏய்ப்பதாகும். எனினும் அன்பு வேறு, கணிப்பு வேறு என்பதை அறியாதவர் அல்லோம்.

இளையோரின் பொருட்டுச் சிறிது பழங்கதை. 1816ஆம் ஆண்டு வெஸ்லியன் மிஷனரிமார் தொடக்கிய பாடசாலையே, 1834இல் பேர்சிவல் பாதிரியார் காலத்தில் மத்திய பாடசாலை என்னும் பெயர் பெற்றது. ஆறுமுக நாவலர் கற்றதும் கற்பித்ததும் அங்கேதான். (நாவலர் பந்து வீசினாரோ என்று எவரும் எழுதிக் கேட்க வேண்டாம்.) பரியோவான் கல்லூரி, 1823இல் அங்கிலிக்கன் மிஷனரியான ஜோசப் நைற் நல்லூரில் நிறுவிய பாடசாலையின் வழி வந்தது, பின்னர் சுண்டிக்குழியில் நிலைகொண்டது. இவ்விரு கல்லூரிகளும் 1904ஆம் ஆண்டு முதன்முறையாகத் துடுப்பாட்டத்தில் மோதின. யுத்தம் சில ஆண்டுகளைத் தின்றுவிட்ட போதிலும், 2016ஆம் ஆண்டு நடைபெற்றது 110ஆவது ஆட்டம்.

'போர்' என்னும் பெயரைக் கேட்டு முகம் சுழிக்கும் தாய்மார் எம்மிடையே உளர். அவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும் எறிகணைக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் இறங்கிய பிள்ளைகள், வெளியே வந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சியை ஆசிரியராயிருந்த நாம் கண்டிருக்கின்றோம். அந்தப் போரிலே தோற்றவன் மறுநாள் பாடசாலைக்கு வந்தான். அதனாற்போலும் அச்சொல்லை எம்மவர் ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றனர்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். முன்னாளில் இரண்டு நாட்களுக்கே ஆடப்பட்ட இப்போட்டி இப்பொழுது மூன்று நாட்களுக்கு ஆடப்படுகின்றது. இந்த ஒரு நாள் சேர்ந்தமையால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிட்டது. இரண்டு நாளில், தோல்வியைத் தவிர்க்க விரும்பும் தலைவன் நேரத்தைக் கொன்றே தப்பிவிடலாம். வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டங்கள் இத்தொடரில் மலிந்திருத்தலுக்கு அது ஒரு காரணம். மூன்று நாளில் ஒளிந்துகொள்ள இடமில்லை. முதல் நாள் முற்பகலில் அவசரப்பட்டு இழந்த நான்கு விக்கெட்டுகளுக்கு மூன்றாம் நாள் பிற்பகலில் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

மாரி முடிந்து நிலம் காய்ந்திருக்கும் மாதம் அது. முற்பகல் பத்து மணிக்கே வெயில் உச்சியைத் துளைக்கும். களத்தடுப்பில் இரண்டு நாள் நின்ற பையனுக்கு மூன்றாம் நாள் கால் எழாது. பிடிகள் தவறுவது அப்பொழுதுதான். ஆகவே நாணயச் சுழற்சியில் வென்ற அணி முதலில் துடுப்பெடுத்தாடுவதே முறை. காய்ந்த தளம் சுழற்பந்து வீச்சாளனுக்குத் துணைபோகும். மத்திய கல்லூரியின் லெக் ஸ்பின் பந்துவீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், இப்போட்டியில் ஆடி வளர்ந்து, 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கும், 2024இல் இந்திய ஐ.பி.எல். தொடரில் ஹைதராபாத் அணிக்கும் பந்து வீசியதை வாசகர் அறிவர். அவரைக் கண்டபின் இன்று யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மணிக்கட்டைத் திருப்பிப் பழகாத சிறுவன் இருப்பானா? வேகமாய் ஓடிவந்து வீசுபவனுக்கு முதற் பத்து ஓவர்கள். எஞ்சிய மூன்று நாளும் சுழற்பந்துக்காரனுடையவை.

ஆனால் இப்போட்டியில் பந்தைவிடக் கடினமானது இரைச்சல். பாண்ட் வாத்தியம், கொடி, பந்தலுக்குப் பந்தல் பழைய மாணவரின் அறிவுரை; இவற்றிடையே பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தனியே நடுவில் நிற்கிறான். பருவம் முழுவதும் சதமடித்தவன் அன்று பூச்சியத்தில் திரும்புவதும், பெயரறியாத ஒருவன் எட்டாம் இலக்கத்தில் இறங்கி அரைச்சதம் அடிப்பதும் அதனாலேயே. எனவே பருவகாலப் புள்ளிவிபரங்களை நாம் அதிகம் பொருட்படுத்துவதில்லை. சென்ற ஆண்டு இதே இரைச்சலில் ஆடியவர் எத்தனை பேர் திரும்ப வருகின்றனர் என்பதையே எண்ணிப் பார்ப்போம். பரியோவான் அணியினரிடம் நாம் என்றும் அஞ்சுவது அவர்களுடைய பொறுமையை. எம்மவர் அடித்து ஆடுவதில் அழகு காண்பவர். அவர்களோ ஒரு விக்கெட்டு விழுந்தால் அரைமணி நேரம் மட்டையை மூடிவைத்து நிற்பர். அது கண்ணுக்கு இனிதன்று. பயனோ பெரிது.

ஆகவே எமது 'டிப்' இதுதான். முதலாவது இன்னிங்ஸில் 220 ஓட்டங்களைத் தாண்டும் அணி தோற்காது. மத்திய கல்லூரி முதலில் துடுப்பெடுத்தாடினால், மூன்றாம் நாள் தேநீர் இடைவேளைக்கு முன்னர் மத்திய கல்லூரிக்கே வெற்றி. பரியோவான் முதலில் ஆடி முதல் நாள் முழுவதும் நின்றுவிட்டால், அன்பை ஒருபுறம் வைத்துச் சொல்கிறோம், வெற்றி அவர்களுக்கு. மழை குறுக்கிட்டாலொழிய வெற்றி தோல்வியற்ற முடிவு இம்முறை இல்லை.

இதையெல்லாம் கேட்கும் பிள்ளைகள் சிலர், "பள்ளிக்கூடப் பையன்களின் ஆட்டத்துக்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று சிரிக்கின்றனராம். அவர்கள் எம்.சி.ஜி. மைதானத்துக்கு வெளியே நிற்கும் சிலைகளுள் ஒன்றைச் சென்று பார்க்கட்டும். 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் திகதி, ஸ்கொச் கல்லூரியும் மெல்பேர்ண் கிரமர் பாடசாலையும் அங்கே ஆடிய உதைபந்தாட்டத்தின் நினைவாக அது நிறுவப்பட்டது. அவர்கள் உயிராய்ப் போற்றும் ஃபூட்டியின் ஆரம்ப ஆட்டங்களுள் ஒன்று, கல்லூரிப் பையன்கள் ஒரு பக்கத்துக்கு நாற்பது பேராக நின்று ஆடியதே. அவ்விரு பாடசாலைகளும் இன்றும் ஆண்டுதோறும் மோதுகின்றன. பள்ளிக்கூட ஆட்டத்தை எள்ளி நகையாட மெல்பேர்ண் ஏற்ற ஊர் அன்று.

ஆட்டம் நடக்கும் மத்திய கல்லூரி மைதானம் எவ்விடத்தது என்பதை மூத்தோருக்குச் சொல்லத் தேவையில்லை. அருகே 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டெழுந்த பொது நூலகம். சிறிது அப்பால், 1990இல் முற்றுகைக்குள்ளான கோட்டை. கல்லூரிக் கட்டடங்களும் சிதைந்தன. இன்று அங்கே பந்தல் போடுகின்றனர். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இந்நகரத்திலிருந்தும் பழைய மாணவர் விமானமேறிச் சென்று அப்பந்தலில் அமர்கின்றனர்.

அவ்வாறு செல்ல இயலாதோர் எம் வாசகருள் உளர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் படகிலே வந்து, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, பிரிட்ஜிங் விசாவில் ஆண்டுகளைக் கழித்தவர்கள். தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கான வழி அறிவிக்கப்பட்டபோது, இவர்கள் அதில் அடங்கவில்லை. புறப்பட்டால் திரும்பி வர இயலாது. இவர்களோடு அமர்ந்து, இணையத்தில் வரும் நேரடி ஒளிபரப்பைச் சென்ற ஆண்டுகளில் நாம் பார்த்ததுண்டு. ஓட்ட எண்ணிக்கையைக் கேட்டால் தடுமாறுவர். படப்பிடிப்புக் கருவி பார்வையாளர் பக்கம் திரும்பும்போது மட்டும் பேச்சை நிறுத்தி, தொலைபேசித் திரையைக் கண்ணருகே கொண்டுபோவர். தம்பி வந்திருக்கக்கூடும், அண்ணன் மகன் வளர்ந்து எப்படியிருப்பானோ தெரியாது. ஆட்டநாட்களில் வீட்டில் பெரிய தொலைக்காட்சி உள்ளவர்கள் இவர்களுள் ஒருவரையேனும் அழைத்தல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.

அங்கே காலை 9.30 என்றால் மார்ச் மாதத்தில் இங்கே பிற்பகல் 3 மணி. வழமைபோல் வியாழன் தொடங்கிச் சனிவரை ஆட்டம் நடைபெறின், பிள்ளைகள் பாடசாலை முடிந்து வந்தபின்னரும் மதிய இடைவேளைக்கு முந்திய ஆட்டத்தைக் காணலாம். பரியோவான் அன்பர்கள் எமது கணிப்பை மறுத்து எழுதுவாராயின் அடுத்த இதழில் இடம் ஒதுக்குவோம். கடிதங்கள் ஒரு பக்கத்துக்கு மேற்படாதிருக்கட்டும்.