நலக்கல்வி நூலில் நான் தாண்டிச் சென்ற பக்கங்கள்

ஓர் ஒப்புதலோடு இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன். 2016-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்வி கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டிருந்தது. பருவ வளர்ச்சியில் உடலில் தோன்றும் மாற்றங்களைப் பற்றிய அலகு வந்தபோது, "இதை வீட்டில் வாசித்துக் கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டு அடுத்த அலகுக்குச் சென்றுவிட்டேன். கணிதப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். கூச்சம் என்பதே உண்மையான காரணம்.

இரண்டு மாதங்கள் கழித்து, ஓய்வு நேரம் முடிந்தும் ஒரு மாணவி வகுப்புக்குத் திரும்பவில்லை. கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே அழுதுகொண்டிருந்தாள். உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சென்று, நெடுநேரம் பேசிய பின்னரே கதவு திறந்தது. "எனக்குப் பெரிய வியாதி வந்திருக்கா டீச்சர்? அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்பதே அவள் சொன்ன முதல் வார்த்தையாம். அவள் பூப்பெய்தியிருந்தாள். அவ்வளவுதான். மகிழ்ந்து வரவேற்க வேண்டிய ஒரு வளர்ச்சியை அந்தக் குழந்தை நோயென்றும் குற்றமென்றும் எண்ணி ஒரு மணி நேரம் தனியே நடுங்கியிருக்கின்றாள்.

தாயார் வந்தார். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன் ஐயா. பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவீங்கன்னும் நெனச்சேன்" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். வீட்டில் சொல்வார்கள் என்று நான் எண்ணினேன். பள்ளியில் சொல்வார்கள் என்று அவர் எண்ணினார். நம் இருவருக்கும் இடையில் பிள்ளை அறியாமையில் நின்றது.

அன்று தொடங்கி என் உள்ளத்தில் வளர்ந்து வந்த கருத்து இதுதான்: நல்ல பழக்கங்களைப் பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் பயனில்லை. ஒவ்வொரு பழக்கத்திற்கும் உரிய பருவம் ஒன்று உண்டு. அந்தப் பருவம் வருவதற்குச் சற்று முன்னரே அதனைக் கற்பித்தாக வேண்டும். உடல் தனக்கென ஒரு கால அட்டவணை வைத்திருக்கின்றது. அது நம் பள்ளிக் கால அட்டவணைக்காகக் காத்திருப்பதில்லை.

முன்னோர் அறிந்திருந்த பருவங்கள்

பருவங்களைப் பற்றிப் பேசுவது நம் பண்பாட்டிற்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தது. தலையை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றும், கைகொட்டுவதைச் சப்பாணி என்றும், தளர்நடையிட்டு வருவதை வருகை என்றும் பெயரிட்டது. இன்று சுகாதார நிலையத்தில் தாதியர் குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து, "கழுத்து நின்றுவிட்டதா? கை தட்டுகிறதா? நடக்கிறதா?" என்று கேட்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த மரபும் நமக்கு உண்டு. பேதை, பெதும்பை, மங்கை என அவ்வரிசை தொடங்குகின்றது. எட்டு முதல் பதினொரு வயது வரை பெதும்பைப் பருவம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெண் பிள்ளைகளின் உடலில் பருவ மாற்றம் எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையே தொடங்கும் என்றும், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்பதுக்கும் பதினான்குக்கும் இடையே தொடங்கும் என்றும் இன்றைய மருத்துவம் கூறுகின்றது. இவ்விரண்டு கணக்கையும் நம் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளை, பன்னிரண்டு வயதில் ஆறாம் ஆண்டை முடிக்கின்றது. ஆகவே, பலருக்கு இம்மாற்றம் தொடங்குவது இடைநிலைப்பள்ளியில் அன்று. நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில்தான்.

எந்த வயதில் எந்தப் பழக்கம்?

முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்குவோம். ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கின்றது. எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பதால் பெற்றோர் பலர் அதனையும் பால் பல் என்றே கருதிவிடுகின்றனர். "சொத்தையானால் என்ன, விழுந்து வேறு முளைக்கும்" என்று இருந்துவிடுகின்றனர். அது நிரந்தரப் பல். அதற்குப் பின் வேறு பல் இல்லை. இரவில் பல் துலக்கிய பின்னர் மைலோ குடித்துவிட்டு உறங்கும் பழக்கத்தை மாற்ற வேண்டிய வயது இதுவே. பத்து வயதில் மாற்றினால் பழக்கம் மாறலாம். சொத்தையான பல் திரும்பாது.

அடுத்தது உறக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். பள்ளி வேனுக்காக விடியற்காலை ஐந்தரைக்கு எழும் பிள்ளை, குறைந்த அளவான ஒன்பது மணி நேரம் உறங்க வேண்டுமெனில் இரவு எட்டரைக்குக் கண்ணயர்ந்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை வீடுகளில் எட்டரைக்கு விளக்கு அணைகின்றது? அந்த நேரத்தில்தான் மாலை வகுப்பிலிருந்து பிள்ளை வீடு திரும்புகின்றது. அல்லது பெரியவர்களோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றது. அல்லது போர்வைக்குள் கைப்பேசி ஒளிர்கின்றது. வளரிளம் பருவம் வந்துவிட்டால் இயல்பாகவே உறக்கம் வரும் நேரம் பின்னுக்குத் தள்ளிப் போகும். அதனால், நேரத்தோடு உறங்கும் பழக்கத்தை அதற்கு முன்னரே வேரூன்றச் செய்வது எளிது. முதல் பாட வேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தான் என்று ஆசிரியர்களாகிய நாம் ஒருமுறை கேட்கலாம்.

மூன்றாவது உணவு. நம் சமூகத்தில் காலையில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இன்றும் உள்ளது. தோட்டப்புற வாழ்வில் தொடங்கிய இவ்வழக்கம் நகரத்து அடுக்குமாடிக்கும் நம்மோடு குடிபெயர்ந்து வந்துவிட்டது. தேநீரில் உள்ள டானின் முதலிய பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஈர்த்துக்கொள்வதைக் குறைக்கின்றன. மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்தின் தேவை கூடுகின்றது. தேவை கூடும் வேளையில் வரவு குறைந்தால் சோகை ஏற்படும். சோகையுற்ற பிள்ளை களைத்துப் போகும், கவனம் சிதறும், விளையாட்டில் பின்தங்கும். "இவ முன்ன மாதிரி படிக்கிறதில்ல" என்று வீட்டிலும் பள்ளியிலும் பேச்சு எழும். உணவு வேளையில் தேநீரைத் தவிர்த்து, முருங்கைக்கீரை, மீன், கோழி, பருப்பு ஆகியவற்றோடு கொய்யா போன்ற பழங்களையும் சேர்த்துக் கொடுப்பது பெரும் செலவன்று. பழங்களில் உள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகின்றது.

பூப்பு நீராட்டு விழாவை மண்டபத்தில் நடத்தி, பட்டுப்புடவை உடுத்தி, பெரிய படம் வைத்து மகிழும் பெற்றோரை நான் குறை கூறவில்லை. அவ்விழாவின்போது உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்த பாட்டிமார்களின் அக்கறை போற்றத்தக்கது. எனினும், அந்தக் கவனிப்பு சில நாள்களில் முடிந்துவிடுகின்றது. மாதந்தோறும் உடல் இழப்பதை மாதந்தோறும் ஈடு செய்ய வேண்டும் அல்லவா? விழாவுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு அதன் பின்வரும் அன்றாடச் சாப்பாட்டிலும் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான்காவது ஓடியாடுதல். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரி அறுபது நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. எலும்பு உறுதிபெறும் காலமும் இதுவே. இளமையில் சேர்த்த எலும்பு வலிமைதான் முதுமையில் நாம் எடுத்துச் செலவிடும் சேமிப்பு. பெண் பிள்ளை பூப்பெய்திவிட்டாள் என்பதற்காகத் திடல் பக்கமே அனுப்பாமல் இருப்பது, சேமிக்க வேண்டிய காலத்தில் கணக்கை மூடுவதற்கு ஒப்பாகும்.

ஆண் பிள்ளைகளை மறந்துவிட்டோம்

பெண் பிள்ளைக்காவது ஓர் அத்தையோ பாட்டியோ ஏதேனும் சொல்லிவிடுகின்றார். ஆண் பிள்ளையிடம் யார் பேசுகின்றோம்? ஆறாம் ஆண்டு வகுப்பில் மாணவிகள் உயரமாகவும் மாணவர்கள் குட்டையாகவும் நிற்பதைக் காண்கின்றோம். ஆண்களின் வேகமான வளர்ச்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிந்தித் தொடங்குவதே காரணம். இதனை அறியாத சிறுவன் தன்னிடம் ஏதோ குறை உள்ளதென்று மனம் வெதும்புகின்றான். குரல் உடைந்தவனை வகுப்பே கேலி செய்கின்றது. சில வேளைகளில் ஆசிரியரும் சிரித்துவிடுகின்றார். உறக்கத்தில் விந்து வெளிப்படுவது நோயன்று, வளர்ச்சியின் அடையாளம் என்று தந்தையர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால், அவன் அதைக் கைப்பேசியிலும் தெருமுனையிலும் தேடுகின்றான். அங்கே கிடைப்பது அறிவாக இருப்பது அரிது.

"இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா?"

இவ்வினாவைப் பெற்றோர் சந்திப்புகளில் பலமுறை கேட்டிருக்கின்றேன். அறியாத ஒன்றை நாமே தூண்டிவிடுவதாகாதா என்ற அச்சம் அதில் இருக்கின்றது. அந்த அச்சத்தை நான் மதிக்கின்றேன்; எனக்கும் அது இருந்தது. ஆனால், உடலில் மாற்றத்தைத் தூண்டுவது நம் சொற்கள் அல்ல. அது தன் வேளையில் நிகழ்ந்தே தீரும். நாம் தீர்மானிக்கக்கூடியது ஒன்றுதான்: அந்த வேளையில் பிள்ளை அறிவோடு இருக்கப்போகின்றதா, அச்சத்தோடு இருக்கப்போகின்றதா என்பதே அது.

இதைவிடக் கடுமையான காரணம் இன்னொன்று உண்டு. நம் நாட்டில் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தண்டிப்பதற்கென்றே 2017-ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் செயல்பட வேண்டுமெனில் பிள்ளை முதலில் வாய் திறக்க வேண்டும். தன் உடலுறுப்பின் பெயரைச் சொன்னாலே அடி விழும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, தனக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் சொல்லும்? நாம் காக்கும் மௌனம் சில வேளைகளில் குற்றவாளிக்கே காவலாகிவிடுகின்றது.

நேரம் இல்லை என்ற காரணமும் நம்மிடையே உண்டு. எங்கள் பள்ளிக் கால அட்டவணையில் நலக்கல்விக்கு வாரத்திற்கு அரை மணி நேரம்தான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடப்பிலிருந்த காலத்தில் அந்த அரை மணி நேரத்தையும் கணிதமும் கட்டுரையும் கடன் வாங்கிக்கொண்டன. 2021-ஆம் ஆண்டு அத்தேர்வு அகற்றப்பட்டது. கடன் வாங்கும் வழக்கம் மட்டும் பல இடங்களில் அகலவில்லை. உடல்நலம் குன்றிய பிள்ளையிடம் எந்தப் பாடமும் முழுமையாகச் சென்று சேராது என்பதை ஆசிரியர்கள் அறிவோம். அறிந்திருந்தும் அந்த அரை மணியைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கின்றோம்.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் எதுவும் தேவையில்லை. நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரை அழைத்து, இவ்வாண்டு இன்னின்னவற்றைக் கற்பிக்கவிருக்கின்றோம், வீட்டில் நீங்கள் இதனைச் சொல்லுங்கள் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். மாணவிகளுக்கு ஆசிரியையும் மாணவர்களுக்கு ஆசிரியரும் ஒரு பாட வேளை தனித்தனியே பேசலாம். ஆசிரியைகள் அறையில் அணையாடையும் மாற்றுப் பாவாடையும் எந்நாளும் இருக்குமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளலாம். அவை எங்கே இருக்கின்றன என்பதை எல்லா மாணவிகளும் அறிந்திருக்க வேண்டும். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் தாயும் தந்தையும் ஆளுக்கொரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும்.

நான் இப்போது அந்த அலகைத் தாண்டிச் செல்வதில்லை. முதல் ஆண்டு கற்பித்தபோது என் குரல் தடுமாறியது உண்மை. வகுப்பின் பின்புறம் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, பெயர் எழுதாமல் கேள்வி எழுதிப் போடச் சொன்னேன். பெட்டி நிரம்பியது. "ஐயா, என் குரல் தவளை மாதிரி ஆயிடுச்சு, சரியாகுமா?" என்று ஒரு தாள். "அக்காவுக்கு வயிறு வலிச்சா நான் என்ன உதவி செய்யலாம்?" என்று இன்னொரு தாள். கையெழுத்தைப் பார்த்தால் அது ஒரு மாணவன் எழுதியது என்று தெரிந்தது. கேலி செய்வார்களோ என்று நான் அஞ்சிய பிள்ளைகள் அவர்கள்.

அன்று கழிவறைக் கதவுக்குப் பின்னால் அழுத மாணவிக்கும் அப்படியொரு பெட்டி இருந்திருக்க வேண்டும். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கின்றேன். உங்கள் வகுப்பிலும் உங்கள் வீட்டிலும் அந்தக் கடன் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.