கடத்தலுக்குக் காதல் என்று பெயரா?

1986 அக்டோபரில் லண்டனில் அரங்கேறிய 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பெரா' இசைநாடகத்தை உலகம் காதல் காவியமாகவே கொண்டாடி வருகிறது. நியூயார்க்கின் பிராட்வேயில் மட்டும் 1988 முதல் 2023 வரை அது 13,981 முறை நிகழ்த்தப்பட்டது. அண்மையில் லண்டனில் அதைக் கண்ட மாணவர்களாகிய எங்களுக்கு இந்தப் பெயர்சூட்டலில் உடன்பாடில்லை.

பாரிஸ் இசையரங்கின் நிலவறையில் ஒளிந்து வாழும் முகம் சிதைந்த மனிதன், இளம் பாடகி கிறிஸ்டீனுக்கு இசை கற்பிக்கிறான். பிறகு கொலை செய்கிறான்; அவளைக் கடத்துகிறான். இறுதியில் அவள் காதலன் ராவுலின் கழுத்தில் சுருக்கிட்டு, தன்னை ஏற்றால்தான் அவன் பிழைப்பான் என்கிறான். அச்சத்தில் பிறக்கும் சம்மதம் காதலாகுமா? ஆனால் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் இசை நம் நியாய உணர்வை மயக்கிவிடுகிறது. தனிமையில் வாடியவனுக்கு எதையும் மன்னிக்கலாம் என்று எண்ண வைக்கிறது. எங்களில் சிலர் கண்ணீர் விட்டதும் உண்மை.

எனினும் நாடகம் எங்களைவிடத் தெளிவானது. கிறிஸ்டீன் அவனை முத்தமிடுகிறாள். அந்தக் கருணையின் முன் அவன் தோற்று, இருவரையும் போகவிடுகிறான். அவன் வாழ்வில் காதல் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு செயல்தான். அதற்கு முந்தைய வன்முறைக்கும் அதே பெயரைச் சூட்டினால், அந்தச் செயலுக்கு என்ன மதிப்பு?