எந்த வலையில் பட்ட பலயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டிக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். கொழும்புக் கரை இங்கிருந்து 115 கிலோமீட்டர், திருகோணமலை அதைவிடத் தூரம். ஆனாலும் ஐஸ் பெட்டியில் ஏறி விடியற்காலையிலேயே கடல் எங்கள் மலைக்கு வந்துவிடுகிறது. கெலவல்லா, பலயா என்ற சூரை மீன்கள் இல்லாத சந்தை நாள் இங்கே கிடையாது.

போன ஞாயிறு ஒரு பலயா வாங்கினேன். வெட்டுவதற்காக மீன்காரர் அதைப் பலகையில் புரட்டிப் போட்டபோது, செவுளுக்குப் பின்னால் நூல் இறுக்கிய தடம் வளையமாகத் தெரிந்தது. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த மீனுக்கு அப்படித்தான் தடம் விழும். தூண்டிலில் வந்ததென்றால் வாயில்தான் காயம் இருக்கும். "இது எந்த வலை நானா?" என்று கேட்டேன். "எந்த வலையா இருந்தா என்ன மிஸ், மீன் பிரெஷ்ஷா இருக்குப் பாருங்க" என்றார். கத்தி நிற்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியது கடற்றொழில் அமைச்சு.

ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலநாள் படகுகள் அந்தி சாயும் நேரத்தில் செவுள் வலையைக் கடலில் விரித்து, நீரோட்டத்தோடு மிதக்க விட்டுவிட்டு, விடியும் முன் இழுக்கின்றன. சூரை மீன் கூட்டம் போகும் வழியில்தான் டொல்பினும் போகிறது. கற்பிட்டியில் மாணவர்களோடு படகில் போனபோது, டொல்பின் துள்ளும் இடத்துக்குக் கீழே கெலவல்லா இருக்கும் என்று படகோட்டி சர்வசாதாரணமாகச் சொன்னார். டொல்பின் நம்மைப் போல் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. இருட்டில் வலையில் சுற்றிக்கொண்டால் மேலே வந்து மூச்செடுக்க முடியாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இப்படி எத்தனை சாகின்றன? இந்து சமுத்திரத்தில் சூரைக்கு விரிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் டொல்பின்களும் சிறு திமிங்கிலங்களும் பட்டிருக்கும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அண்மை ஆண்டுகளில் மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 80,000, அதாவது நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேல். அதிகம் சாகடிக்கும் நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேசியா, இந்தியாவுக்கு அடுத்து நம் நாட்டின் பெயர் இருக்கிறது. இதெல்லாம் வெறும் மதிப்பீடு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். உண்மைதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த சில கணக்கெடுப்புகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. நாங்கள் எண்ணவில்லை, அதனால்தான் மதிப்பீட்டோடு நிற்க வேண்டியிருக்கிறது.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது 176 ஆமைகளும் 20 டொல்பின்களும் 4 திமிங்கிலங்களும் செத்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நாடே பதறியது, பதறியதும் நியாயமே. அதற்கு முந்திய நவம்பரில், கொரோனா ஊரடங்கையும் பாராமல், பாணந்துறையில் கரையொதுங்கிய நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்களைக் கடற்படையினரும் ஊர் இளைஞர்களும் இரவு முழுக்கத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெயரில்தான் அவை திமிங்கிலம், குடும்பம் டொல்பின் குடும்பம். உங்கள் பத்திரிகை உட்பட எல்லோரும் படம் போட்டீர்கள். கரைக்கு வந்து செத்தால் செய்தி. நடுக்கடலில் வலைக்குள் செத்தால் படம் எடுக்க ஆளில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. டொல்பினைக் கொல்வதும் விற்பதும் 1990களிலேயே குற்றமாக்கப்பட்டுவிட்டது. திருகோணமலைக்கு அப்பால் டொல்பின்களைக் கொன்றதற்காக மீனவர்களைக் கடற்படை பிடித்ததும் உண்டு. ஆனால் வேண்டுமென்றே கொல்பவனுக்கும் வலையில் தானாக வந்து பட்டதைக் கண்டு கையைப் பிசைபவனுக்கும் இந்தச் சட்டம் நடைமுறையில் ஒரே பயத்தைத்தான் கொடுக்கிறது. 1980களில் ஆய்வாளர்கள் இறங்குதுறையில் நின்று செத்த டொல்பின்களை எண்ண முடிந்தது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் என்று அப்போது தெரிந்தது. இப்போது பட்டதைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு என்பதால் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். சாவு தொடர்கிறது, கணக்குத்தான் காணாமல் போய்விட்டது. மீனவருக்கும் இதில் இலாபமில்லை. ஒரு டொல்பின் புரண்டால் வலை கிழியும், அந்த வலை பெரும்பாலும் கடனுக்கு வாங்கியது.

இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் விதிப்படி 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மிதவை வலை 2022 முதல் எங்கும் கூடாது. நம் நாடும் அதில் உறுப்பு நாடு. சரி, அந்த அளவு எவ்வளவு? கண்டி வாவியைச் சுற்றி நடந்தால் மூன்று கிலோமீட்டர் சொச்சம் வரும். அதில் முக்கால் பங்கைச் சுற்றி மறிக்கிற வலை சட்டப்படி சரியான வலை! அதையும் மீறினால் நடுக்கடலில் அளந்து பார்ப்பது யார்?

முடியாது என்று மட்டும் அமைச்சு சொல்லக் கூடாது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் நம் மீனுக்குக் கதவடைத்தபோது என்ன நடந்தது? பெரிய படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்தது, பதிவேடு வந்தது, சட்டத்திருத்தம் வந்தது. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஒன்றரை வருடத்தில் இவ்வளவும் ஆனது. கேட்டவர் வெளிநாட்டு வாடிக்கையாளர், அவ்வளவுதான் வித்தியாசம். கண்டியிலும் கம்பளையிலும் காசு கொடுத்து மீன் வாங்குபவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லையா?

வேறு வழியில் பிடிக்க முடியும் என்பதற்குச் சாட்சி எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. சம்பலுக்கு இடிக்கும் மாசிக்குப் பேர்போன மாலைதீவில் சூரையை வலையால் பிடிப்பதில்லை. தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகச் சுண்டித் தூக்குகிறார்கள், பல நூற்றாண்டுப் பழக்கம். அதில் டொல்பின் படுவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எல்லாப் படகையும் நாளைக்கே தூண்டிலுக்கு மாற்றச் சொல்லவில்லை, அது படகுக்காரர் வயிற்றில் அடிப்பதாகும். பாகிஸ்தானில் வலையை நீர்மட்டத்துக்குச் சுமார் 2 மீட்டர் கீழே இறக்கி விரித்துப் பார்த்தார்கள், டொல்பின் படுவது பெருமளவு குறைந்தது. அதை இங்கே செய்து பார்க்க என்ன தடை?

ஆகவே அமைச்சிடம் கேட்பது இதுதான். தவறுதலாகப் பட்ட டொல்பினைப் பதிவேட்டில் எழுதும் மீனவர் மீது வழக்குப் போட மாட்டோம் என்று எழுத்தில் அறிவியுங்கள். அந்தப் பதிவுகளை ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். வலையைத் தாழ்த்தி விரிக்கவும் தூண்டிலுக்கு மாறவும் முன்வருபவர்களுக்குக் கடனுதவி கொடுங்கள். மொத்தச் சந்தையிலிருந்து மலைக்கு ஏறும் ஒவ்வொரு பெட்டியிலும் வலையா தூண்டிலா என்ற ஒரு சொல்லையாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஏலம் கூறும் இடத்தில் அது தெரியாத இரகசியமல்ல.

வாசகர்களும் மீன் வாங்கும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் அடுத்த ஞாயிறும் அதே மீன்காரரிடம் கேட்கத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கட்டுகஸ்தோட்டை, கண்டி.