18,380 அடி உயரத்தில் ஒரு பொய்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் நாலு புல்லட் நிற்கிறது. நாலின் ஹேண்டில்பாரிலும் ஐந்து வண்ணத் துணிக்கொடி. அதில் ஒரே ஒரு வண்டிதான் லடாக் போய் வந்தது, மற்ற மூன்றுக்கும் கொடி ஆன்லைனில் வந்தது. போய்வந்த வண்டியின் டேங்கில் ஸ்டிக்கர்: கர்துங் லா, 18,380 அடி. "உலகத்துலயே ஒசரமான ரோடு மச்சான், ஏறிட்டோம்ல" என்று அதன் சொந்தக்காரர் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

சொல்லட்டும். ஆனால் அந்த எண் தப்பு. பல்லாண்டுகளாக அங்கே பலகையில் இருந்தது அதுதான். செயற்கைக்கோள் வழி அளந்தவர்கள் சொல்வது 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,582 அடி. பட்டமும் கைமாறிவிட்டது. 19,024 அடியில் உம்லிங் லா வழியாகப் போட்ட சாலைக்கு 2021இல் கின்னஸ் சான்றிதழ் கிடைத்தது.

ஒரு 800 அடிக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அடிக்காக இல்லை. ஒரு கணவாயை நாம் வெறும் எண்ணாக ஆக்கிவிட்டோமே, அதற்காக. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. நானும் போனேன். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான், மண்டை விண்விண்ணென்று தெறிக்கிறது, அப்படியும் பலகை முன்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது, இரண்டு விரலைக் காட்டிப் படம் எடுத்தேன், வந்த வழியே லேவுக்கு இறங்கிவிட்டேன். கணவாயைக் கடக்கவே இல்லை!

பாண்டியில் கணவாய் என்றால் பெரிய மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கும் மீன்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். மலைக் கணவாய் நமக்குப் பாடப்புத்தகச் சொல். லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். கணவாய் கடந்து போவதற்கான இடம். லேவிலிருந்து கிளம்பிய வணிகர்கள் இந்தப் பக்கமாக நூப்ராவுக்கு இறங்கி, காரகோரம் தாண்டி யார்க்கண்ட் வரை போனார்கள். இன்றைக்கும் நூப்ராக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு லே போக இதுதான் முக்கிய வழி. அந்த வழியில் நாம் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிறோம்.

"நாம போறதால அவங்களுக்கு வருமானம்தானே?" இந்த வாதத்தைப் பாண்டிக்காரனிடம் சொல்லாதீர்கள். வாரம் தவறாமல் கேட்கிறோம். வெள்ளிக்கிழமை இரவானால் ஈசிஆர் வழியாகச் சென்னை வண்டிகளும், திண்டிவனம் வழியாகப் பெங்களூரு வண்டிகளும் வந்து இறங்கும். ரோமன் ரோலன் தெருவில் மஞ்சள் சுவரெல்லாம் யாருடையதோ கல்யாண போட்டோவுக்குப் பின்னணி. "நம்ம ஊரை மதிக்கவே மாட்டேங்கறானுங்க" என்று திங்கட்கிழமை புலம்புகிறோம். அடுத்த ஜூனில் லீவு போட்டுவிட்டு லே போய் அதையே செய்கிறோம்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். லேயில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 10 சென்டிமீட்டர்தான். 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவர்களுக்கு நாலு வருஷத் தண்ணீர் அது. அதனால்தான் அந்த ஊர் வீடுகளில் தண்ணீரே தேவைப்படாத உலர் கழிப்பறை கட்டினார்கள். நமக்காக ஹோட்டல்காரர்கள் போர் போட்டு ஃப்ளஷ் டாங்க் வைத்தார்கள்.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பனியை வெட்டி, கல் உடைத்து, அந்த உயரத்தில் தார் ஊற்றுகிறவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளிகள். 2020 ஊரடங்கில் லடாக்கில் சிக்கிய அவர்களில் ஒரு பகுதியினரை விமானத்தில் ஊருக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. நம்முடைய வீடியோக்களில் அவர்கள் ஓரமாக, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, இரண்டு நொடி வந்து மறைகிறார்கள்.

அரசியலைப் பேசினால், பாண்டிக்காரனுக்குத்தான் வெட்கம் அதிகமாக இருக்க வேண்டும். யூனியன் பிரதேசம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். சட்டமன்றம் இருக்கிறது, முதல்வர் இருக்கிறார், அப்படியும் கோப்பு ராஜ்நிவாஸ் வாசலில் காத்துக்கிடக்கும். மாநில அந்தஸ்து கேட்டு எத்தனை தீர்மானம் போட்டோம்! 2019 அக்டோபர் 31 அன்று லடாக் யூனியன் பிரதேசம் ஆனபோது அவர்களுக்கு அந்தச் சட்டமன்றம்கூடக் கொடுக்கவில்லை. மாநில அந்தஸ்தும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு 2024 மார்ச்சில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2025 செப்டம்பர் 24 அன்று அதே கோரிக்கைப் போராட்டம் வன்முறையில் முடிந்து லேயில் நாலு பேர் செத்தார்கள். அன்றைக்கு எங்கள் பைக் வாட்சப் குழுவில் வந்த கேள்வி: "ப்ரோ, ரூட்டு ஓப்பனா?"

நம்முடைய கோரிக்கையை டெல்லி காதில் வாங்கவில்லை என்று குறைப்படுகிற நாம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டோம்.

போகாதே என்று சொல்லவில்லை, போங்கள். லேயில் இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்குங்கள். பலகையை விடுங்கள், கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்குங்கள். அங்கே கர்துங் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கணவாய்க்குப் பேர் கொடுத்த ஊர். அங்கே ஒரு வீட்டில் தங்கி, உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் ஊரும் யூனியன் பிரதேசம்தான் என்று சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் பேச்சு தானாக ஓடும்.

அந்தக் கொடியில் அச்சிட்டிருப்பது பிரார்த்தனை. காற்று அதை எல்லா உயிருக்கும் கொண்டுபோகட்டும் என்றுதான் கணவாயில் கட்டுகிறார்கள். ஈசிஆர் டோல்கேட்டில் அது நம் ஒருவருடைய பெருமையை மட்டும்தான் சுமக்கிறது. என் வண்டியில் இருந்ததைப் போன வாரம் அவிழ்த்துவிட்டேன்.