‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’

எமது ஊர்ச் சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகங்களைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் ஒன்றுண்டு: ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’. ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், தலைவர் சபையை ஒருமுறை பார்ப்பார், எவரும் வாய் திறவாததால் தீர்மானம் நிறைவேறிவிடும். பத்திரிகையாளன் என்ற முறையில் வலிகாமத்துச் சனசமூக நிலையங்கள், ஆலய பரிபாலன சபைகள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எனப் பல கூட்டங்களில் அமர்ந்திருக்கிறேன். மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடும் இந்த வழக்கமே எமது பொதுவாழ்வின் பெரும் பலவீனம் என்பது என் துணிபு.

அளவெட்டியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வெளிநாட்டில் நடைபெற்ற இளையோர் பயிற்சிநெறியொன்றில் பங்குபற்றித் திரும்பியிருந்தார். பல நாட்டவர் கூடியிருந்த அந்த இடத்தில் சமையல் முறைவரிசை தொடக்கம் இறுதிநாள் நிகழ்ச்சி வரை அனைத்தையும் பங்குபற்றியோரே முடிவுசெய்ய வேண்டுமாம். வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் ஒருமுறை பேசி முடியும்வரை எவரும் இரண்டாம் முறை பேசக்கூடாது. முடிவில் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும்: உடன்படுகிறீரா, ஐயம் இருந்தாலும் தடுக்காமல் விலகி நிற்கிறீரா, காரணத்தோடு மறுக்கிறீரா? “முதல் நாள் எரிச்சலாக இருந்தது ஐயா. மூன்றாம் நாள்தான் விளங்கியது. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவை ஒருவரும் குழப்பவில்லை” என்றார் அவர்.

இம்முறை புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் சமயத்தவர் தம் கூட்டங்களில் இன்றுவரை வாக்கெடுப்பு நடத்துவதில்லை. சபையின் பொதுக் கருத்து எதுவென எழுத்தர் உணர்ந்து எழுதுவார். சபை அதனை ஏற்க வேண்டும். ஒருமைப்பாடு பிறக்காவிடின் விடயம் ஒத்திவைக்கப்படும். டென்மார்க்கின் எல்சினோர் நகரில் 1921 இல் தொடங்கிய சர்வதேச மக்கள் கல்லூரியில் பல நாட்டு மாணவர் ஒன்றாக வாழ்ந்தே கற்கின்றனர். ஐரோப்பிய அவை 1972 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இளையோர் மையத்தை நிறுவியபோது, அதன் நிர்வாகத்திலேயே இளைஞர் அமைப்புகளுக்கு இடமளித்தது. இளைஞருக்கு ஜனநாயகத்தைப் பாடமாக மட்டுமன்றிப் பழக்கமாகவும் கொடுக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

எமக்கு இது ஏன் தேவை? குடாநாட்டின் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்வோம். எமக்குப் பெரிய ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறை தேக்கிவைக்கும் மழைநீரே எமது கிணறுகளின் உயிர். ஒரு தோட்டக்காரர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயல் கிணறும் வற்றும்; கடலை அண்டிய இடங்களில் உவர் ஏறும். இறைப்பைக் கட்டுப்படுத்துவதென ஐம்பத்தொருவர் வாக்களித்து நாற்பத்தொன்பது பேரைத் தோற்கடித்து என்ன பயன்? ஒவ்வொரு கிணற்றடியிலும் காவல் வைக்க முடியாது. தோற்கடிக்கப்பட்டவர் இரவில் இயந்திரத்தை இயக்குவார். கேட்கப்பட்டவர், தம் நியாயம் முடிவில் இடம்பெறக் கண்டவர், பெரும்பாலும் இயக்கமாட்டார்.

புலம்பெயர்ந்தோரின் பணமும் இன்னோர் உதாரணம். ஊரின் மீதுள்ள பற்றினால் அவர்கள் அனுப்புவது பெருங்கொடை, அதில் ஐயமில்லை. ஆனால் என்ன கட்டுவது என்ற முடிவும் பணத்தோடு கூடவே வந்து சேருமானால், அங்கு வாழும் பெண்களும் இளைஞரும் வெறும் பார்வையாளராகிவிடுகின்றனர். ஊருக்கு மண்டபமா மாலைநேர வகுப்பா வேண்டும் என்பதை ஊரில் இருப்பவர் சொல்ல வேண்டாமா?

அதேவேளை, ஒருமனதைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எமது மண்ணின் மிகச் சிறந்த இளைஞர் இயக்கம். ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் அதனை வழிநடத்தினர். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவ்வியக்கமே. டொனமூர் அரசியல் யாப்பு முழுச் சுயாட்சி தரவில்லை எனக் கூறி 1931 இல் அது பகிஷ்காரத்துக்கு அழைப்பு விடுத்தபோது, குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒரு வேட்புமனுகூடத் தாக்கல் செய்யப்படவில்லை. போட்டியிட விரும்பியோரும் அலையோடு போயினர். ஆனால் தேர்தல் வேண்டுமென்ற குரல் விரைவிலேயே எழுந்தது. 1934 இல் இடைத்தேர்தல் நடந்தது. இலட்சியம் உயர்ந்ததே. எனினும், உள்ளூர உடன்படாதவர்களின் மௌனத்தின் மேல் எழுந்த ஒற்றுமை மூன்றாண்டுகள்கூட நிலைக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

பிடிவாதக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் முடக்கிவிடுவாரே என்பர். நியாயமான அச்சம்தான். மறுப்பவர் பொதுநன்மை சார்ந்த காரணம் கூற வேண்டும் என்றும், இரண்டு கூட்டங்களில் இணக்கம் காணாவிடின் வாக்கெடுப்புக்கு விடலாம் என்றும் விதி வகுத்துக்கொள்ளலாம். நேரம் செல்லும் என்பதும் உண்மையே; நிறைவேறாத தீர்மானத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பதில் அதைவிட அதிக நேரம் செல்கிறது.

அந்த இளைஞர் ஊர் திரும்பியபின் கூட்டமொன்றில், பின்வரிசையில் இருந்த பெண்களிடமும் கருத்துக் கேட்கலாமே என்றாராம். “தம்பி, நேரம் போகுது” என்பதே கிடைத்த பதில். இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழோடு படமெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறோம். அவர்கள் கற்றுவந்ததைச் செய்துகாட்ட ஒரு மாலைப்பொழுதைக் கொடுப்பதில்லை. வரும் பொதுச்சபைக் கூட்டத்தில் ஒரேயொரு விடயத்தையாவது இம்முறையில் பேசிப் பார்க்கட்டும். உடன்பட்டோர் எத்தனை பேர், விலகி நின்றோர் எத்தனை பேர், மறுத்தவர் சொன்ன காரணம் யாது என்பனவும் கூட்டறிக்கையில் எழுதப்படட்டும்.